வை-ஃபை இணைப்பில் விர்ச்சுவல் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் வரவில்லையா?

ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை இயக்கித் தரும் இலவச புரோகிராம் விர்ச்சுவல்பாக்ஸ். விண்டோஸை அழிக்காமலேயே லினக்ஸ் பழகலாம் என்பதால் புதியவர்கள் பலரும் இதனை விரும்புகின்றனர்.

என் அக்கா மகன் தன் கல்லூரி புராஜெக்டை என் லேப்டாப்பில், இப்படி அமைத்த உபுண்டுவில்தான் செய்து வந்தான். மறுநாள் காலை அதனைக் காட்ட வேண்டும். முந்தின இரவு பார்த்தால் உபுண்டுவில் இன்டர்நெட் இல்லை. விண்டோஸில் ஒழுங்காக வந்தது. "மாமா, அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யலாமா?" என்றான். தடுத்துவிட்டேன். அழித்திருந்தால் இரண்டு மாத உழைப்பும் போயிருக்கும். கோளாறு ஒரே ஒரு செட்டிங்கில்தான். மாலையில் அதை மாற்றியவனும் நான்தான்! அவன் உருவாக்கிய பக்கத்தை மொபைலில் பார்க்க ஆசைப்பட்டு, நெட்வொர்க்கை 'நேட்' என்பதிலிருந்து 'பிரிட்ஜ்டு அடாப்டர்' என மாற்றியிருந்தேன்.

இவற்றின் வேறுபாடு என்ன? நேட் முறையில் விர்ச்சுவல் கம்ப்யூட்டர் உங்கள் லேப்டாப்பின் பின்னால் நின்று, அதன் பெயரிலேயே இணையத்திற்குச் செல்கிறது. பிரிட்ஜ்டு முறையில் அது தனிக் கம்ப்யூட்டராக, தனக்கென ஒரு மேக் முகவரியுடன் ரூட்டரை அணுகுகிறது. கேபிள் இணைப்பில் இதனால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. வை-ஃபையில், தன்னிடம் பதிவு செய்து இணைந்த முகவரியுடன் மட்டுமே ரூட்டர் பேசும். விர்ச்சுவல்பாக்ஸ் இதனைச் சமாளிக்க முயன்றாலும், எல்லா வை-ஃபை அடாப்டர்களிலும் அது பலிப்பதில்லை.

சரி செய்திட:

1. விர்ச்சுவல்பாக்ஸில் உங்கள் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்து, செட்டிங்ஸ் சென்று நெட்வொர்க் என்பதில் கிளிக் செய்திடவும்.

2. அடாப்டர் 1 பிரிவில், எனேபிள் நெட்வொர்க் அடாப்டர் என்ற கட்டத்தில் டிக் அடையாளம் உள்ளதா எனப் பார்க்கவும்.

3. அட்டாச்டு டு என்ற இடத்தில் நேட் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே அழுத்தவும்.

4. கேபிள் கனெக்டட் என்ற கட்டத்திலும் டிக் இருக்க வேண்டும்.

5. உபுண்டுவை ரீஸ்டார்ட் செய்திடவும். 10.0.2.15 போன்ற ஐ.பி. முகவரி கிடைத்திருந்தால் இணைப்பு சரியாகிவிட்டது எனலாம்.

உபுண்டுவினுள் வை-ஃபை அடையாளம் தெரியவில்லையே எனப் பயப்படாதீர்கள். விர்ச்சுவல்பாக்ஸ் அதற்குக் காட்டுவது கேபிள் வகை நெட்வொர்க் கார்டைத்தான். எனவே உபுண்டுவில் வை-ஃபை டிரைவர் தேடி அலைய வேண்டாம்.

மொபைலில் பக்கத்தைப் பார்க்கும் ஆசையும் நிறைவேறியது. நேட் அமைப்பிலேயே போர்ட் பார்வர்டிங் என்ற பட்டன் உள்ளது. அதில் ஹோஸ்ட் போர்ட் 8080, கெஸ்ட் போர்ட் 80 எனக் கொடுத்தேன். அதே வை-ஃபையில் உள்ள மொபைலின் பிரவுசரில் லேப்டாப்பின் ஐ.பி. முகவரியை டைப் செய்து, அடுத்து :8080 எனச் சேர்த்தவுடன் பக்கம் வந்தது. விண்டோஸ் பயர்வால் அனுமதி கேட்டால் தர வேண்டும்.

இனி எந்த செட்டிங்கை மாற்றும் முன்பும் பழைய அமைப்பை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஸ்னாப்ஷாட் ஒன்றும் எடுத்துக் கொள்ளுங்கள். மறுபடி இன்ஸ்டால் செய்வது கடைசி வழியாகவே இருக்கட்டும்.