வளாகத்தருகே தங்குமிடம்

கேள்வி: சைபர்ஜெயா மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் மகளைச் சேர்க்க வரும் பெற்றோர், நடுத்தர விலையில் எங்கே தங்கலாம்?

பதில்: டெங்கில் முக்கிமில், அதாவது சிப்பாங் மாவட்டத்தின் அப்பெயருடைய உட்பிரிவில், அமைந்த சைபர்ஜெயாவில் அறை வாடகையைவிட வளாக வாயிலுக்குச் செல்லும் வழியே முதலில் கவனிக்கத்தக்கது, ஏனெனில் வரைபடத்தில் ஒரு கிலோமீட்டராகத் தெரியும் தூரம், அகலச் சாலைகளை நண்பகல் வெயிலில் பெட்டியை இழுத்தபடி கடக்கும்போது இரு மடங்காகத் தோன்றும். 2023 மார்ச்சில் முழுமையடைந்த புத்ராஜெயா எம்ஆர்டி ரயில் தடம் இங்கு வந்தாலும், நிலையத்திலிருந்து வளாகம்வரை இ-ஹெய்லிங் எனப்படும் செயலிவழி வாடகைக் காரே வசதி. தமிழ்ச் சாப்பாடும் கோயிலும் வேண்டுவோர் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் தங்கி, கேஎல் சென்ட்ரலில் கேஎல்ஐஏ டிரான்சிட் ரயிலேறி, ஏறக்குறைய 20 நிமிடங்களில் புத்ராஜெயா-சைபர்ஜெயா நிலையத்தை அடைவதே மேல். வெளிநாட்டவர் அறைக்கு இரவொன்றுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.