குளிருக்கு முன் பின்சுவரைப் பாருங்கள்

கேள்வி

அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், பழைய லயத்தில் இருக்கிறோம். ஒரு காம்பரா, ஒரு குசினி, முன்னால் இஸ்தோப்பு. வீட்டுக்காரர் கொழும்பில் கடை வேலை. நான் மலைக்குப் போகிறேன். மாமியாரும் நாலு வயது மகளும் வீட்டில். ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பாடு கஷ்டம்தான். மழை பெய்யாத ராத்திரியிலும் விடியப்புறம் தகரத்திலிருந்து படுக்கையில் தண்ணீர் சொட்டுகிறது. பின்சுவர் இடுப்பளவுக்கு ஈரம். பூஞ்சணம் பிடித்து நாறுகிறது. மாமிக்கு இழுப்பு வேறு. சந்து பொந்தெல்லாம் பொலித்தீனால் அடைத்துவிட்டு, ராத்திரியில் கரிச்சட்டி வைத்தால் காம்பரா கதகதப்பாக இருக்கும் என்கிறான் தம்பி. டித்வா புயலின்போது லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே பாதையோரம் மட்டும் கொஞ்சம் மண் இறங்கியது. தீபாவளி முற்பணம் கைக்கு வந்தால் எதற்கு முதலில் செலவழிப்பது? கூரையை மாற்ற எங்களால் முடியாது.

– ஒரு வாசகி, பதுளை மாவட்டம்

பதில்

தங்கச்சி, கரிச்சட்டி வேண்டாம். மற்றதைப் பிறகு பார்க்கலாம். இதை இன்றைக்கே தம்பியிடம் சொல்லிவிடுங்கள். கரி புகையில்லாமல் சிவந்து கனன்று கிடந்தால் இனி பயமில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். காபனோரொட்சைட்டு என்ற வாயு அந்தக் கனலிலிருந்துதான் வருகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலையிடி, வாந்தி, மயக்கம் என்று ஏதாவது காட்டும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. சந்தெல்லாம் அடைத்த காம்பராவில், ஒரு குழந்தையும் இழுப்புக்காரரும் படுத்திருக்கும்போது, இந்த விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம்.

ஊவாவின் குளிர் ஈரக் குளிர். அட்டன், மஸ்கெலியாப் பக்கம் நனைந்து கிடக்கும் ஆனி, ஆடியில் நமக்குக் கச்சான் அடித்து மலை காய்கிறது. ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி வாசத்தைக் கொடுப்பதும் அந்தக் காற்றுதான். நமக்கான பெருமழை ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து ஏறி, தை வரைக்கும் விட்டுவிட்டுப் பெய்யும். இரவுக் குளிரும் அதே மாதங்களில்தான். நூறு மீற்றர் உயரம் கூடினால் வெப்பம் சுமார் 0.6 பாகை குறையும். பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றர்; அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேல். பதுளையில் பஸ் ஏறியவர் அப்புத்தளையில் இறங்கும்போது நாலு பாகைக்கு மேல் குளிர் கூடியிருக்கும். அதோடு சுவரும் ஈரம், தரையும் ஈரம், கம்பளியும் ஈரம் என்றால் உடம்புச் சூட்டை அவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுவர் காய்ந்த காம்பராவில் அதே குளிரை ஒரு கம்பளியால் சமாளிக்கலாம். ஆகவே சூடேற்றுவதற்குக் காசு தேடாதீர்கள். தண்ணீர் உள்ளே வரும் வழிகளை முதலில் அடையுங்கள்.

முதல் வழி பின்சுவர். ஈரம் இடுப்பளவுக்கு என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. கூரை ஒழுகினால் கறை மேலிருந்து கோடுகோடாக இறங்கும். கீழிருந்து ஏறி, ஒரு மட்டத்தில் நிற்கிற ஈரம் மண்ணிலிருந்து வருவது. லயங்கள் பெரும்பாலும் சரிவை வெட்டிக் கட்டியவை. பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவே ஒரு கான் இருக்கும். வருஷக்கணக்கில் மேட்டு மண் சரிந்து, அடுப்புச் சாம்பல் கொட்டி, விறகு அடுக்கி, கோழிக்கூடு வைத்து அந்தக் கான் தூர்ந்து போகிறது. கடைசியில் வெளியே மண் மட்டம் உள்ளே தரையைவிட உயர்ந்துவிடுகிறது. அப்புறம் சுவர் தண்ணீரை ஏற்றாமல் என்ன செய்யும்?

கானின் அடி, வீட்டுத் தரையைவிட ஒரு சாணாவது கீழே இருக்க வேண்டும். லயத்தின் ஒரு கோடியை நோக்கி வாட்டம் இருக்க வேண்டும். உங்கள் காம்பராவின் பின்னால் மட்டும் வெட்டினால் பக்கத்து வீட்டுத் தண்ணீரும் உங்களிடமே வந்து தேங்கும். அதனால் புரட்டாசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயமே சேர்ந்து இறங்க வேண்டிய வேலை இது. தோட்டத்தில் கான் வெட்டிப் பழகிய கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இடம் கிடைக்கட்டும் என்று மண்மேட்டின் அடியைச் சீவிவிடாதீர்கள். அடி போனால் மேடு மழையில் நிற்காது. சரிந்து விழுந்த மண்ணை மட்டும் அள்ளுங்கள்.

கான் சரியான பிறகும் சுவர் காயச் சில வாரங்கள் பிடிக்கும். காயுமுன் சீமெந்து பூசி, மேலே பளபளவென்று பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டு, மறு வருஷம் பொருக்குப் பொருக்காக உதிரும். பழைய கற்சுவருக்குச் சுண்ணாம்புதான் பொருத்தம். அது சுவரை மூச்சுவிட விடும். பூஞ்சணத்தை உலர்ந்தபடி சுரண்டாமல், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். அந்த நேரம் மாமியார் வெளியே இருக்கட்டும். படுக்கையைப் பின்சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளிப் போடுங்கள்.

இனி தகரம். மழையில்லாத இரவில் சொட்டுவது ஒழுக்கு அல்ல, வேர்வை. குளிர்ந்த சோடாப் போத்தலுக்கு வெளியே நீர் முத்துமுத்தாகப் பூப்பது போலத்தான். தெளிந்த இரவில் தகரம் சில்லிட்டுப் போகிறது. உங்கள் மூச்சும், சோறு வெந்த ஆவியும், கொடியில் தொங்கும் ஈர உடுப்பும் மேலே போய் அதில் பட்டுத் தண்ணீராகின்றன. மூன்று பேர் தூங்கும் காம்பராவில் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் மட்டும் அரை லீற்றருக்கு மேல் தண்ணீர் காற்றில் கலக்கும். எல்லாச் சந்தையும் பொலித்தீனால் அடைத்தால் அவ்வளவும் உள்ளேயே சுற்றும். தம்பி சொன்னபடி செய்தால் இன்னும் அதிகமாகத்தான் சொட்டும்.

எல்லாச் சந்தும் ஒன்றல்ல. கச்சானுக்குப் பயந்து மேற்குப் பக்கத்தைத்தான் நாம் வழக்கமாக இறுக்குகிறோம். இந்த மாதங்களில் சாரல் வடகிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கத்துச் சந்துகளை அடையுங்கள். எதிர்ப்பக்கத்தில், கூரைக்கும் சுவருக்கும் இடையில் நாலு விரல் இடைவெளியை அப்படியே விடுங்கள். எலிக்குக் கம்பிவலை போதும். வெயில் தலைகாட்டும் பகலில் ஒரு மணி நேரமாவது கதவு ஜன்னலைத் திறந்து வைக்க மாமியாரிடம் சொல்லுங்கள். நனைந்த படங்கும் கம்பளியும் இஸ்தோப்பிலேயே தொங்கட்டும். படுக்கைக்கு மேலே மட்டும், தகரத்தைத் தொடாமல், கழுவிய உரப்பைகளைத் தைத்து ஒரு பக்கம் சாய்வாக இழுத்துக் கட்டினால் சொட்டுகிற தண்ணீர் சுவரோரம் ஓடிவிடும். ஆனால் அடுப்புப் பக்கம் உரப்பையோ பொலித்தீனோ ரிஜிபோமோ போகவே கூடாது. லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் வரிசையே போகும்.

ஆள் ஏறக்கூடிய கூரையென்றால் காய்ந்த நாளில் ஆணிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆணி தகரத்தின் மேட்டில் இருக்க வேண்டும். பள்ளத்தில் அடித்த ஆணி தண்ணீருக்குப் பாதை. வாஷர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அஸ்பெஸ்டோஸ் கூரை உள்ள வாசகர்கள் அதைத் துளைக்கவோ அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

குசினிப் புகையை நீங்கள் எழுதவில்லை. இழுப்புக்காரர் இருக்கும் வீட்டில் அதைப் பேசாமல் விட முடியாது. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். ஐப்பசியில் எரிக்க வேண்டிய விறகைக் கச்சான் காலத்திலேயே பிளந்து, மழை படாமல் அடுக்கியிருக்க வேண்டும். இந்த வருஷம் அது முடியாமல் போயிருந்தால் காய்ந்த கவ்வாத்து விறகைத் தேடுங்கள். மெல்லிய குச்சி, சீக்கிரம் காயும். சந்தையில் கிடைக்கும் அனகி அடுப்பு, இரண்டு சட்டி வைக்கும் மண் அடுப்பு, மூன்று கல் அடுப்பைவிட விறகைக் குறைவாகத் தின்னும். சுற்றிலும் மண் அணைத்துப் பூசினால் சூடும் நிற்கும். புகை போகக் கூரைக்குக் கீழே வழி வேண்டும். முற்பணத்தில் நான் முதலில் வாங்கச் சொல்வது இந்த அடுப்புதான். அடுத்தது ஒரு ரப்பர் சுடுதண்ணிப் பை. துணியில் சுற்றி மாமியாரின் காலடியில் வையுங்கள். கரிச்சட்டி செய்யுமென்று தம்பி நம்பிய வேலையை அது ஆபத்தில்லாமல் செய்யும். பாய்க்குக் கீழே மட்டைப் பெட்டிகளை விரித்துச் சாக்கைப் போட்டால் தரைக் குளிர் ஏறாது.

கடைசியாக, நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன அந்த மண் இறங்கிய இடம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது உங்கள் மலைக்கு அந்தப் பக்கத்தில்தான். அங்கிருந்து மக்களை இடம்மாற்றும்படி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மாற்று இடம் கொடுக்காமல் எச்சரிக்கையை மட்டும் கொடுத்தால் அந்த மக்கள் எங்கே போவார்கள் என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2025 நவம்பரில் டித்வாவிலும் பதுளை மாவட்டம் பட்டது சொல்லி மாளாது.

ஆகவே லயத்துக்கு ஒரு மழைமானி வையுங்கள். மேலும் கீழும் ஒரே அகலமான, ஒரு சாண் உயர டின் போதும். கூரையும் மரமும் மறைக்காத இடத்தில் சரிந்துவிடாமல் நட்டு, தினமும் காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளின் அடிமட்டத்தால் தண்ணீரின் ஆழத்தை அளந்துவிட்டுக் கொட்டுங்கள்; பெருமழையில் இடையிடையேயும் பாருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது ஏழரை சென்ரிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் பிள்ளையின் உடுப்பு, மாமியாரின் மருந்து, அடையாள அட்டைகள் ஒரு பையில் தயார். 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ யாரும் சொல்லும்வரை காத்திராமல் வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்குச் சொல்லும் அளவுகள் இவை. டின் காட்டாவிட்டாலும், தரையில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென இறுகும் கதவு, கலங்கி வரும் அல்லது சட்டென்று நின்றுபோகும் ஊற்று, இவற்றில் ஒன்றைக் கண்டாலே போதும், கிளம்புங்கள். எந்த வழியால் எங்கே போவது என்பதை இப்போதே பகல் வெளிச்சத்தில் நடந்து பார்த்துவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸுக்கு 1990. இரண்டையும் கதவுக்குப் பின்னால் கரியால் எழுதி வையுங்கள்.

கூரையை மாற்றுவது உங்கள் தலையில் விழ வேண்டிய செலவு அல்ல. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். கான், கூரை, பாதையோரம் மண் இறங்கிய இடம் மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதி, லயத்தார் எல்லோரும் கையெழுத்திட்டு, தோட்ட அலுவலகத்தில் கொடுத்துத் திகதி போட்ட பிரதி வாங்குங்கள். இன்னொரு பிரதி கிராம உத்தியோகத்தருக்குப் போகட்டும். அந்த இடத்தை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வந்து பார்க்க வேண்டும் என்றும் அதிலேயே கேளுங்கள். பிரதேச செயலகம் வழியாக அந்தக் கோரிக்கையை அனுப்ப முடியும்.