சும்மா கிடக்கும் கணினி: கணக்காகக் கொடுப்பதா, காசாகக் கொடுப்பதா?

2007 பிப்ரவரியில் பியூர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியில் ஒரு ரேடியோ துடிப்பு பதிவானது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் அது தரவுக் குவியலுக்குள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 2010-ல் அதைத் தோண்டி எடுத்தவை இரண்டு கணினிகள். ஒன்று அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியுடையது, மற்றது ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒருவருடையது. நொடிக்குச் சுமார் 41 முறை சுழலும் பல்சார் வகை நட்சத்திரம் ஒன்று அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இத்தனைக்கும் அவர்கள் செய்தது, ஐன்ஸ்டைன் அட் ஹோம் என்ற மென்பொருளை நிறுவிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தது மட்டும்தான்.

மேசைமேல் பாதி நாள் சும்மா கிடக்கும் கணினியைப் பிறருக்குப் பயன்படச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. அதன் கணக்குப் போடும் திறனை அப்படியே ஒரு ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். அல்லது அந்தத் திறனைக் கிரிப்டோ மைனிங்கில், அதாவது கணக்குப் போட்டு டிஜிட்டல் நாணயம் ஈட்டும் வேலையில், போட்டுக் காசாக்கி, ஒரு தொண்டு நிறுவனத்துக்கோ பிடித்த எழுத்தாளர், யூடியூபருக்கோ அனுப்பலாம். கேட்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கரண்ட் பில்லோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும்.

கணக்காகக் கொடுப்பது

இந்த வழியைப் பிரபலமாக்கியது, வேற்றுக்கிரகவாசிகளின் சிக்னலைத் தேட 1999 மே மாதம் பெர்க்லி பல்கலைக்கழகம் தொடங்கிய செட்டி அட் ஹோம். 2020 மார்ச்சில் அது புதிய வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஆனால் அதே பெர்க்லியில் உருவான பாயிங்க் என்ற மென்பொருள் இன்றும் பல திட்டங்களுக்குப் பொது வாசலாக இருக்கிறது. நிறுவியதும் ஒரு பட்டியல் வரும். வானியல் பிடித்தவர் ஐன்ஸ்டைன் அட் ஹோமைத் தொடலாம். மருத்துவம் வேண்டுபவருக்கு வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் இருக்கிறது. 2004-ல் ஐபிஎம் தொடங்கிய இந்தத் திட்டத்தை இப்போது நடத்துவது டொரண்டோவின் கிரெம்பில் ஆய்வு நிறுவனம். குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா புற்றுநோய்க்கு ஏழு மருந்து வேட்பாளர்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டது இதன் வழியாகத்தான்.

நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ளவர்களுக்குப் பொருத்தமானது ஃபோல்டிங் அட் ஹோம். புரதங்கள் எப்படி மடிகின்றன, எப்படி அசைகின்றன என்று கணக்கிடும் இத்திட்டம் 2000-ல் ஸ்டான்ஃபோர்டில் பிறந்தது. 2020-ல் கொரோனா வைரஸின் புரதங்களை ஆராய அழைப்பு விடுத்ததும் உலகெங்கிலுமிருந்து வீட்டுக் கணினிகள் வந்து குவிந்தன. நொடிக்கு 1-க்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்ட எண்ணிக்கையிலான கணக்குகள் என்ற எல்லையை, எந்தத் தனி சூப்பர் கம்ப்யூட்டரும் எட்டாத அந்த நாளில், இந்தக் கூட்டம் தாண்டியது.

காசாக்கிக் கொடுப்பது

2017 செப்டம்பரில் காயின்ஹைவ் என்ற சேவை வந்தது. சில வரி நிரலை இணையதளத்தில் சேர்த்துவிட்டால் போதும், படிக்க வருபவரின் கணினி மோனேரோ என்ற நாணயத்தை மைனிங் செய்யும். வருமானத்தில் 70 சதவீதம் தளத்தை நடத்துபவருக்கு, மீதி காயின்ஹைவுக்கு. விளம்பரமே இல்லாமல் படைப்பாளிகள் பிழைக்க வழி பிறந்துவிட்டது என்ற நம்பிக்கை எழுந்தது. 2018 பிப்ரவரியில் அமெரிக்காவின் சலோன் இதழ், விளம்பரத்தைத் தடுத்த வாசகர்களிடம் இதையே மாற்றாக முன்வைத்தது. அதே மாதம் யூனிசெஃப் பிரான்ஸ், சிரியக் குழந்தைகளுக்காக ஈதர் மைனிங் செய்யும்படி கேம் ஆடுபவர்களைக் கேட்டது. ஏப்ரலில் யூனிசெஃப் ஆஸ்திரேலியா தனிப் பக்கமே திறந்தது. அதைத் திறந்து வைத்திருந்தாலே நன்கொடை. கணினியின் எத்தனை சதவீதத்தைக் கொடுப்பது என்பது வருபவர் விருப்பம்.

ஆனால் கேட்காமல் எடுத்தவர்கள் கேட்டு எடுத்தவர்களை முந்திவிட்டார்கள். 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு செருகுநிரலைக் கெடுத்து, பிரிட்டிஷ் அரசுத் தளங்கள் உட்பட 4,000-க்கும் மேற்பட்ட தளங்களில் காயின்ஹைவ் நிரலைப் புகுத்தினார்கள். பக்கத்தைத் திறந்ததும் லேப்டாப் ஃபேன் இரைய ஆரம்பித்ததுதான் பலருக்குக் கிடைத்த ஒரே அறிகுறி. மோனேரோவின் விலையும் சரிய, 2019 மார்ச்சில் காயின்ஹைவ் மூடப்பட்டது. 2022 செப்டம்பரில், ஈதர் நாணயத்தின் வலைப்பின்னலான எதீரியம் மைனிங்கையே கைவிட்டது. மோனேரோவை இன்றும் சாதாரண பிராசஸரில் மைனிங் செய்யலாம்தான். வருவது கரண்ட் செலவுக்குக் கட்டுப்படியாவதே அரிது.

கரண்ட் கணக்கு

கணினி சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்சாரம் குறைவு. வேலை கொடுத்தால் கூடும். டெஸ்க்டாப் ஒன்று கூடுதலாக 100 வாட் இழுத்தபடி நாள் முழுக்க ஓடினால் 2.4 யூனிட், இரண்டு மாத பில்லில் 144 யூனிட். தமிழ்நாட்டில் பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் அடுக்கடுக்காக ஏறுவதால், இந்த 144 யூனிட்டும் வீட்டின் விலை கூடிய அடுக்கில்தான் போய் உட்காரும். லேப்டாப் கூடுதலாக 30 வாட் இழுத்து நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட்தான்.

ஆராய்ச்சிக்கு இந்த யூனிட் கணக்காகவே போய்ச் சேர்கிறது. மைனிங்கில் அது நாணயமாகி, விலை ஏறி இறங்கி, மிச்சம்தான் போகிறது. இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரியும் உண்டு. ஆகவே தொண்டு நிறுவனத்துக்கோ படைப்பாளிக்கோ உதவ நினைப்பவர், அந்தக் கரண்ட் காசை நேராக யூபிஐ-யில் அனுப்பிவிடுவதே லாபம். அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளை என்றால், பழைய வரிமுறையில் இருப்பவருக்கு வரிச்சலுகையும் கிடைக்கும்.

நிறுவும் முன்

மென்பொருளை அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். கணினியைப் பயன்படுத்தும்போதும் பேட்டரியில் ஓடும்போதும் நிறுத்திவைக்கும் வசதியைச் செட்டிங்ஸில் பார்த்துக்கொள்வது நல்லது. ஆண்ட்ராய்டு போனில் பாயிங்க், சார்ஜரில் செருகி, பேட்டரி 90 சதவீதத்தைத் தொட்டால்தான் தொடங்கும்படியும், வைஃபையில் மட்டுமே தரவை அனுப்பிப் பெறும்படியும் அமைந்திருக்கிறது. அலுவலகக் கணினி என்றால் எழுத்தில் அனுமதி வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கல்லூரிக் கணினிகளில் இத்தகைய மென்பொருளைக் கேட்காமல் நிறுவிய ஊழியர் ஒருவர் வழக்கில் சிக்கி, 2002-ல் இழப்பீடு கட்ட வேண்டியதாயிற்று.

நாளுக்கு அரை மணி நேரம் மட்டுமே ஓடும் கணினி என்றால், குறுகிய வேலைத் துண்டுகளை அனுப்பும் திட்டமாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒவ்வொரு துண்டுக்கும் கெடு உண்டு. தவறினால் அது வேறொருவருக்குப் போய்விடும். ஐன்ஸ்டைன் அட் ஹோமில் ஒரே துண்டை இரண்டு பேருக்கு அனுப்பி, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார்கள். ஐயோவாவும் மைன்ஸும் ஒரே பல்சாரைக் கண்டெடுத்தது அதனால்தான்.