ரோமில் ஒரே ஒரு இரவு: அர்மாந்தோவா, ரொஷ்ஷோலியா?

ரோமில் ஒரு ராத்திரிதான் தங்கப்போகிறீர்கள், எங்கே சாப்பிடலாம் என்று விசாரித்தால் இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும். ஒன்று, பாந்தியன் கோயிலை ஒட்டிய சந்தில் இருக்கும் அர்மாந்தோ அல் பாந்தியன். மற்றது, கம்போ தே ஃபியோரி சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் ரொஷ்ஷோலி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். இரண்டுமே பேர் வாங்கியவை என்பதால் நட்சத்திரங்களை எண்ணிப் பிரயோஜனமில்லை. யாரோடு போகிறீர்கள், எதைச் சாப்பிடுவீர்கள் என்பதை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

அர்மாந்தோ 1961-இல் தொடங்கியது. இன்றும் அதே குடும்பம்தான் நடத்துகிறது. சின்னக் கூடம், கொஞ்சம் மேசைகள், பழைய ரோமானியச் சமையல். சுற்றுலாக் கூட்டம் அலைமோதும் இடத்தில் இருந்துகொண்டு தரத்தைக் காப்பாற்றி வருவதே பெரிய விஷயம்.

ரொஷ்ஷோலி அடிப்படையில் ஒரு கடை. சீஸும் உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சியும் விற்கிற இடத்திலேயே மேசை போட்டுப் பரிமாறுகிறார்கள். இடம் நெருக்கடிதான். பக்கத்து மேசைக்காரர் பேசுவதெல்லாம் கேட்கும். ஆனால் கூட்டம் வருவது கார்போனாரா பாஸ்தாவுக்காக. முட்டை, பெக்கொரினோ சீஸ், பன்றிக் கன்னத்துக் கொழுப்பிறைச்சியான குவான்சாலே, மிளகு, இவ்வளவுதான், கிரீம் கிடையாது. பாஸ்தாவின் சூட்டிலேயே முட்டை குழைந்து பிடிக்க வேண்டும். சூடு கொஞ்சம் ஏறினால் முட்டைப் பொரியல் ஆகிவிடும். அந்தப் பதத்துக்குத்தான் காசு.

சைவக்காரர்களுக்குத்தான் ரோமில் கவனம் தேவை. சீஸும் மிளகும் மட்டும் சேர்ந்த காச்சோ எ பெப்பே பாஸ்தா சைவம் என்று நம்பிச் சாப்பிடுகிறோம். ஆனால் பெக்கொரினோ ரோமானோவில் பாலை உறையவைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளைச் சேர்க்கிறார்கள். அதைப் பொருட்படுத்தாதவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். பொருட்படுத்துபவர்கள் தக்காளி பாஸ்தாவை ‘சென்சா ஃபொர்மாஜ்ஜோ’, அதாவது சீஸ் இல்லாமல், என்று கேளுங்கள். தக்காளி நிறத்தைப் பார்த்து அமத்ரிச்சானாவைச் சொல்லிவிடாதீர்கள், அதிலும் குவான்சாலே உண்டு. குளிர்காலத்திலோ வசந்தத்திலோ போனால் ஆர்ட்டிச்சோக்கை விடாதீர்கள். புதினா வகையும் பூண்டும் அடைத்து ஆலிவ் எண்ணெயில் மெத்தென்று வேகவைப்பது ரோம் பாணி. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் கோதா அல்லா வாச்சினாராவைத் தாண்டிப் போய்விடுங்கள். அது மாட்டு வால்.

பாஸ்தா நம் வாய்க்கு அரைவேக்காடாகத் தோன்றும். திருப்பி அனுப்பாதீர்கள், அதுதான் அவர்கள் பதம். பாஸ்தா தனி, கறி தனி, காய் தனி என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை. ஆளுக்கு ஒரு பாஸ்தா, நடுவில் ஒரு காய் சொன்னாலே வயிறு நிறைந்துவிடும். ரோம் இருக்கும் லாட்ஸியோ மாநிலத்தில் ‘கொபேர்த்தோ’ என்ற இருக்கைக் கட்டணத்துக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டுவிட்டது. ஆனாலும் ரொட்டிக்கென்று ஒரு தொகை பில்லில் வரலாம், பதறாதீர்கள். பில்லும் நீங்கள் கேட்டால்தான் வரும்.

என் தீர்ப்பு இதுதான். பெரியவர்களோடும் பிள்ளைகளோடும் போகிறீர்களா, முதல் தடவை ரோம் பார்க்கிறீர்களா, அர்மாந்தோ. அசைவமும் ஒயினும் ரசிக்கிற இரண்டு பேர், சீஸ் தட்டை வைத்துக்கொண்டு நேரம் போக்க ஆசை என்றால் ரொஷ்ஷோலி. கண்டிப்பான சைவக் குடும்பத்துக்கு ரொஷ்ஷோலியை நான் சொல்ல மாட்டேன். சுற்றிலும் இறைச்சி தொங்கும்.

எதுவானாலும் விமான டிக்கெட் எடுத்த கையோடு மேசைக்கும் முன்பதிவு செய்துவிடுங்கள், வார விடுமுறை என்றைக்கு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் போய் நின்றால் இரண்டிலுமே இடம் கிடைப்பது கஷ்டம். கிடைக்காவிட்டால் பக்கத்துத் தெருவிலேயே ரொஷ்ஷோலி குடும்பத்தின் பேக்கரி இருக்கிறது. பீட்சாவை வெட்டி எடைபோட்டுக் கொடுப்பார்கள். கடை அடைப்பதற்குள் போய்விடுங்கள்.