விமானத்தை மாணவர் கையிலேயே விடுங்கள்

அரங்குக்குள் பறக்கும் ரப்பர் விமானங்களைப் புதியவர்களுக்குக் கற்றுத்தருபவர்கள் பெரும்பாலும் கட்டுமானத்திலேயே நேரத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். பால்சா குச்சியை நேராக வெட்டு, பசையைக் குறைவாக வை, டிஷ்யூ தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டு என்றே வகுப்புகள் கழிகின்றன. கடைசியில் விமானம் மூக்கைத் தூக்கித் தடுமாறி விழும். கற்றுத்தருபவர் அதை வாங்கி, மூக்கில் துளி களிமண் ஒட்டி, அழகாகப் பறக்கவிட்டுக் காட்டுவார். பாடத்தின் முக்கியமான நிமிடம் மாணவர் கையைவிட்டுப் போவது அங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. பறப்பைப் பார்த்துக் குறையைக் கண்டுபிடித்துத் திருத்துவதுதான் இந்தக் கலையின் உயிர். அதை ட்ரிம் செய்வது என்பார்கள். முதல் நாளே அதை மாணவர் தன் கையால் செய்துபார்க்க வேண்டும்.

1871இல் அல்போன்ஸ் பெனோ பாரிஸின் துய்லரி தோட்டத்தில் ரப்பர் முறுக்கில் ஓடிய சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். அது 11 வினாடியில் ஏறக்குறைய 40 மீட்டர் போனது. முறுக்கிய ரப்பர் தந்த விசை மட்டும் அதற்குப் போதுமானதாக இருந்திருக்காது. இறக்கையைவிடச் சற்றுக் குறைந்த கோணத்தில் வாலை வைத்ததால்தான் விமானம் தன்னைத்தானே சமன்செய்துகொண்டது. இந்தக் கோண வித்தியாசத்தை ஒரு மாணவர் தானே கூட்டிக் குறைத்து, விளைவைக் கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு எந்த விமானத்தைக் கொடுத்தாலும் அவருக்கு வழி தெரியும்.

தடுமாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். மூக்கு மேலே எழும், ஒரு நொடி அந்தரத்தில் நிற்கும், சட்டென்று கவிழும், வேகம் பிடித்து மறுபடி எழும். அது எப்போது நிகழ்கிறது என்பதைத்தான் மாணவரிடம் கேட்க வேண்டும். கையைவிட்டுப் போன முதல் சில நொடிகளில் மட்டும் என்றால், புதிதாக முறுக்கிய ரப்பரின் ஆரம்ப வேகம்தான் காரணம். முறுக்கியபின் சில சுற்றுகளை அவிழ்த்துவிட்டாலே போதும். விசை தணிந்த பிறகும் தொடர்ந்தால், எடை பின்னால் தள்ளியிருக்கிறது அல்லது வாலின் கோணம் தவறு. ஒரு பறப்புக்கு ஒரே ஒரு மாற்றம் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. முறுக்கின் எண்ணிக்கை, செய்த மாற்றம், பறந்த நேரம் மூன்றையும் மாணவரே எழுதிவைக்கட்டும். அமெரிக்காவின் சயின்ஸ் ஒலிம்பியாடில் ரப்பர் விமானப் போட்டிக்கு வரும் மாணவர்களிடம் சோதனைப் பறப்புகளின் பதிவேட்டையும் கேட்பது சரியான ஏற்பாடு.

எடையைப் பற்றி அனுபவசாலிகள் எழுப்பும் மறுப்பு வலுவானது. இறக்கைப் பரப்பு மாறாமல் எடை இருமடங்கானால், மட்டமாகப் பறக்க ஒவ்வொரு நொடியும் தேவையான ஆற்றல் ஏறக்குறைய 2.8 மடங்காகிறது. எனவே சுத்தமாக, இலேசாகக் கட்டத் தெரியாதவர் நீண்ட நேரப் பறப்பை எட்டவே முடியாது. இதை நான் முழுவதும் ஏற்கிறேன். நான் சொல்லும் வரிசைதான் வேறு. உலகப் போட்டிகளின் எஃப்1டி விமானத்துக்குக் குறைந்தபட்ச எடை வெறும் 1.4 கிராம். அப்படிப்பட்ட ஒன்றைப் புதியவர் கையில் கொடுத்தால் முதல் கேள்வி எழுமுன்பே அது ஒடிந்துவிடும். மாறாக, ஃபிராங்க் எலிங் வடிவமைத்த டெல்டா டார்ட் என்ற எளிய ரப்பர் விமானத்தில் குச்சிகளை அச்சிட்ட தாளின் மேலேயே ஒட்டிவிடலாம். கட்டிய அன்றே பறக்கும், சுவரில் மோதினாலும் பெரும்பாலும் பிழைக்கும். ஒரு கிராமின் அருமை அதைப் பறக்கவிட்டவருக்குப் புரியும். அடுத்த விமானத்தை யாரும் சொல்லாமலே இலேசாகக் கட்டுவார்.

நேரமில்லை, குழந்தைகள் சோர்ந்துவிடுவார்கள் என்பது இன்னொரு மறுப்பு. உதவவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மின்விசிறிகளையும் ஏசியையும் நிறுத்தச் சொல்வது, முதல் பறப்புகளைக் குறைந்த முறுக்கோடு தொடங்கவைப்பது எல்லாம் நம் வேலை. ரப்பரை இழுத்து முறுக்கும்போது நாம் கட்டாயம் பக்கத்தில் நிற்க வேண்டும். அறுந்தால் அது கண்ணிலும் அடிக்கும், ரப்பரைத் தாங்கும் மோட்டார் குச்சியையும் உடைக்கும். முறுக்கும்போது மாணவருக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டி, விமானத்தை நாம் பிடித்துக்கொள்ளலாம். முறுக்கி முடித்து ரப்பரைக் கொக்கியில் மாட்டியதும் விமானம் மாணவரிடம் திரும்பிவிட வேண்டும். களிமண் உருண்டையும் அவர் பையிலேயே இருக்கட்டும்.