கால் தரையைத் தொடுவதற்கு முன்னாடி

சாயந்திரம் லேப் முடிந்ததும் நேராக இண்டோர் கோர்ட்டுக்கு ஓடுகிற கூட்டம் எல்லா காலேஜிலும் உண்டு. பையை ஓரமாகப் போட்டு, கையை இரண்டு சுற்று சுற்றினால் வார்ம்-அப் ஓவர். அடுத்த நிமிஷம் ஸ்மாஷ். இந்தக் கட்டுரை அந்தக் கூட்டத்துக்குத்தான்.

முதலில் கரோலினா மரின். 2016 ரியோ ஒலிம்பிக் ஃபைனலில் நம்ம சிந்துவை ஜெயித்தவர் என்றால் உடனே ஞாபகம் வரும். 2019 ஜனவரியில் இந்தோனேசியா மாஸ்டர்ஸ் ஃபைனலில் சாய்னாவுக்கு எதிராக 10-4 என்று லீடிங்கில் இருக்கும்போது அவருக்கு வலது முட்டி ஜவ்வு கிழிந்தது. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்குக்குக் கொஞ்சம் முன்னால் இடது முட்டி. 2024 பாரிஸ் அரையிறுதியில் முதல் கேமை 21-14 என்று ஜெயித்து, இரண்டாவதில் 10-6 என்று போய்க்கொண்டிருக்கும்போது மறுபடி வலது முட்டி. ஃபுட்பால் மாதிரி யாரும் வந்து இடிக்கவில்லை. நடுவில் நெட் இருக்கிறதே! அவருடைய சொந்த எடையும் வேகமும்தான் முட்டிக்கு வந்த சுமை.

பேட்மிண்டனில் முட்டிக்கு ஆபத்தான இடம் எது? நெட்டுக்குப் போய் லஞ்ச் போடுவது என்றுதான் நிறைய பேர் சொல்வார்கள். அதிலும் லோடு அதிகம்தான். ஆனால் இன்னும் மோசமான இடம் ஒன்று இருக்கிறது. நீங்க வலது கை ஆட்டக்காரர் என்று வைத்துக்கொள்வோம். ஷட்டில் உங்க பேக்ஹேண்ட் கார்னருக்குப் போகிறது. பேக்ஹேண்ட் ஆட மனசில்லாமல் பின்னால் எகிறி, தலைக்கு மேலேயே சுற்றி அடிக்கிறீங்க. இறங்குவது இடது கால் ஒன்றில் மட்டும். உடம்பு இன்னும் பின்பக்கமும் பக்கவாட்டிலும் போய்க்கொண்டிருக்கிறது, கண்ணோ ஷட்டில் மேல். அந்த நேரத்தில் முட்டி மடங்காமல் விறைப்பாக இருந்து, உள்பக்கமாகச் சாய்ந்தால் ஏ.சி.எல். என்கிற ஜவ்வுக்கு ஆபத்து.

இனி நம்ம ஏரியா. கால் தரையில் பட்டதிலிருந்து ஏறக்குறைய 40, 50 மில்லிசெகண்டுக்குள் ஜவ்வு கிழிந்து முடிந்துவிடுகிறது என்று வீடியோ ஆய்வுகள் காட்டுகின்றன. கண்ணால் பார்த்து ரியாக்ட் பண்ண சுமார் 200 மில்லிசெகண்ட் வேண்டும். மூளை வரை போகாமல் தண்டுவடத்திலேயே திரும்புகிற ரிஃப்ளெக்ஸுக்கே 30 முதல் 50. சிக்னல் வந்த பிறகும் தசை இழுவிசையை உண்டாக்க இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு இதற்குள் விஷயம் புரிந்திருக்கும். ஃபீட்பேக் லூப்பின் டிலே, சிஸ்டம் ஃபெயில் ஆகிற நேரத்தைவிட அதிகம். அப்போ மிச்சம் இருப்பது ஃபீட்ஃபார்வர்ட் மட்டும்தான். அதாவது கால் இன்னும் காற்றில் இருக்கும்போதே தொடையின் பின்பக்கத் தசையும் இடுப்புத் தசையும் இறுகித் தயாராக இருக்கணும். "முட்டியைக் கொஞ்சம் மடக்கு, உள்ளே சாயவிடாதே" என்ற கட்டளை முன்னாடியே போயிருக்கணும்.

இந்த டைமிங்கைப் பழக்குவதுதான் நரம்பு-தசைப் பயிற்சி. ஜிம்மில் நூறு கிலோ ஸ்குவாட் போடுகிறவருக்கும் இது தானாக வராது. மோட்டார் பெரிசுதான், கண்ட்ரோலரை யாரும் டியூன் பண்ணலை. கோர்ட்டைச் சுற்றிப் பத்து ரவுண்டு ஓடினாலும் ஸ்டாமினா வரும், இது வராது. ஒரு நல்ல செய்தி: எந்தப் பயிற்சியிலும் முதல் சில வாரங்களில் கூடுகிற பலத்தில் பெரும்பங்கு தசை பெருத்ததால் வருவதில்லை, நரம்பு கற்றுக்கொண்டதால் வருகிறது. அதனால் செமஸ்டர் நடுவில் ஆரம்பித்தாலும் பலன் தெரியும்.

முதலில் ஒரு டெஸ்ட். ஃபோனைத் தரையில் நிறுத்தி வீடியோ ஆன் பண்ணுங்க. கேமரா முன்னால் ஒற்றைக் காலில் நின்று மெதுவாக அரை ஸ்குவாட். பிறகு போட்டுப் பாருங்க. முட்டி பாதத்துக்கு நேராகப் போகாமல் கட்டைவிரலைத் தாண்டி உள்ளே விழுந்தால், வேலை இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு காலையும் பாருங்க. ராக்கெட் பிடிக்கும் பக்கத்துக் கால்தான் தினமும் லஞ்ச் போட்டுப் பழகியது. இன்னொன்று பெரும்பாலும் சோம்பேறி.

அப்புறம் ஒற்றைக் காலில் நின்று ராக்கெட்டில் ஷட்டிலை 30 விநாடி தட்டிக்கொண்டே இருங்க. ஈஸியாகிவிட்டால் நண்பரை விட்டு ஷட்டிலை அங்கேயும் இங்கேயும் தூக்கிப் போடச் சொல்லுங்க. அடுத்து லஞ்ச் போட்டு அப்படியே மூன்று விநாடி உறைந்து நில்லுங்க. பிறகு ஷட்டில் இல்லாமல் பேக்ஹேண்ட் கார்னருக்கு எகிறி, அடிக்கிற மாதிரி செய்து, ஒற்றைக் காலில் இறங்கி மறுபடி உறையணும். இறங்கும்போது 'தொப்'பென்று சத்தம் கேட்டால் அந்த ரெப் கணக்கில் இல்லை. கடைசியாக முட்டி போட்டு நில்லுங்க. நண்பர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாயுங்க. தொடையின் பின்பக்கம் எரியும். எல்லாம் சேர்த்து 15 நிமிஷம், வாரம் மூன்று நாள், ஆட்டத்துக்கு முன்னால். களைத்துப்போன பிறகு செய்தால் தப்பான இறக்கத்தைத்தான் நரம்பு மனப்பாடம் பண்ணும். ஃபுட்பால்காரர்கள் ஃபிஃபா 11 பிளஸ் என்று இதே மாதிரி ஒரு 20 நிமிஷ வார்ம்-அப்பை ரொம்ப நாளாகச் செய்கிறார்கள். ஒழுங்காகச் செய்த டீம்களில் காயங்கள் நன்றாகவே குறைந்தன.

வீட்டில் தம்பி தங்கை ஆடினால் அவர்களுக்கும் சொல்லிக்கொடுங்க. கிடுகிடுவென வளர்கிற வயதில் எலும்பு நீண்டுவிடும், புது நீளத்துக்கு பேலன்ஸ் பழக நேரம் எடுக்கும். எகிறித் திரும்பும் விளையாட்டுகளில் ஏ.சி.எல். காயம் பெண்களுக்குத்தான் அதிகம். ஆனால் பல இடங்களில் கேர்ள்ஸ் டீமுக்கு பாய்ஸ் ஆடி முடித்து மிச்சம் வைத்த நேரம்தான். அதில் வார்ம்-அப்புக்கு எங்கே போவது?

ரன்னிங் ஷூவோடு கோர்ட்டில் இறங்காதீங்க. சோல் உயரமாக இருப்பதால் பக்கவாட்டில் போகும்போது கணுக்கால் புரளும். சோல் தாழ்ந்த நான்-மார்க்கிங் ஷூ வாங்குங்க, காஸ்ட்லி ராக்கெட் அப்புறம் பார்த்துக்கலாம்.

இவ்வளவும் செய்தால் காயமே வராதா? வரலாம். மரின் பயிற்சியில் குறை வைத்தவர் இல்லை. 2019-ல் சுமார் எட்டு மாதத்தில் திரும்பி வந்து சைனா ஓப்பன் ஜெயித்தார். ஆனால் ஒருமுறை கிழிந்தால் மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம், அதனால்தான் முதல் முறையைத் தள்ளிப்போட இத்தனை பாடு. முட்டியில் 'டப்' என்று கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால், எண்ணெய் போட்டு உருவிவிட்டு மறுநாள் மேட்சுக்குப் போகாதீங்க. ஐஸ் வையுங்க, அந்தக் காலை ஊன்றாமல் ஆர்த்தோ டாக்டரிடம் போங்க.