ஆம்னி ஏன் கரும்புகை விடுது? கையில் ஒரு மல்டிமீட்டர் போதும்

ஜிஎஸ்டி ரோட்டுல பொத்தேரியிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஒரு காலை நேரம் போய்ப் பாருங்க. டிபன் ஏத்திட்டுப் போற ஆம்னி, காய்கறி ஆம்னி, ஸ்கூல் பசங்க ஆம்னின்னு வரிசையா வரும். 1984-இல் மாருதி வேன் என்ற பேர்ல வந்து, 1988-இல் ஆம்னி ஆகி, 2019-இல் உற்பத்தி நின்னுபோன வண்டி. 796 சிசி, மூணு சிலிண்டர். பழசுல கார்புரேட்டர், பின்னாடி வந்ததுல எம்பிஎஃப்ஐ, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர்.

கார்புரேட்டர்ல பெட்ரோல் அதிகமாப் போனா ஸ்க்ரூவைத் திருகிக் குறைக்கலாம். எம்பிஎஃப்ஐ-யில அந்த ஸ்க்ரூவே கிடையாது. அதனால பல இடத்துல நடக்கிறது இதுதான்: முதல்ல ஆக்சிஜன் சென்சார் மாத்துவாங்க, அப்புறம் இன்ஜெக்டர், கடைசியில "ஈசிஎம் போச்சுண்ணே". வேன் ஓட்டிப் பிழைக்கிறவருக்கு அது ஒரு மாச வருமானம். கோளாறு ஒரு துருப்பிடிச்ச கனெக்டரா இருந்தா அந்தப் பணம் அத்தனையும் வீண்.

முதல்ல அறிகுறி. பிளக்கைக் கழட்டினா (ஆம்னியில முன் சீட்டைத் தூக்கினாதான் இன்ஜினே தெரியும்) விரல்ல ஒட்டுற காய்ஞ்ச கரி, புகைபோக்கியில பெட்ரோல் வாடை, மைலேஜ் சரிவு. புகை நீலமா இருந்தா எரியறது ஆயில். அது வேற கதை.

இப்ப ஈசிஎம் எப்படி யோசிக்குதுன்னு பார்ப்போம். பெட்ரோல் முழுசா எரிய 1 பங்கு பெட்ரோலுக்கு எடையில 14.7 பங்கு காற்று வேணும். மேனிஃபோல்டு அழுத்தத்தைச் சொல்ற மேப் சென்சார், இன்ஜின் வேகம், காற்றின் வெப்பநிலை ஆகியவற்றை வச்சு உள்ளே போற காற்றை ஈசிஎம் கணக்குப் போடும். அதுக்கேத்த மாதிரி இன்ஜெக்டரை இத்தனை மில்லிசெகண்ட் திறக்கும். இன்ஜின் குளிர்ந்திருந்தா கூடுதலா ஊத்தும், ஏன்னா குளிர்ந்த சுவர்ல பட்ட பெட்ரோல் சரியா ஆவியாகாது. அந்த நேரத்துல ஆக்சிஜன் சென்சார் சொல்றதை அது கேட்கவே கேட்காது. ரிச் ஓட்டத்துல முதல் சந்தேகம் கூலன்ட் வெப்பநிலை சென்சார் மேல விழணும்னு நான் சொல்றது அதனாலதான்.

இந்த சென்சார் ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும். பரவலா இருக்கிற வகையில 20 டிகிரியில சுமார் 2,450 ஓம், 80 டிகிரியில சுமார் 300 ஓம். ஒயர் முழுசா அறுந்தா ஈசிஎம் கண்டுபிடிச்சு இன்ஜின் விளக்கைப் போட்டுடும். ஆனா கனெக்டர் முள்ளுல பச்சை பூத்து 500 ஓம் கூடிருச்சுன்னு வைங்க. 80 டிகிரி இன்ஜின் 800 ஓம் காட்டும். ஈசிஎம் கணக்குல அது சுமார் 50 டிகிரி. அது நடக்கக்கூடிய வெப்பநிலைதானே, அதனால விளக்கு எரியாது. நாள் முழுக்க "இன்னும் சூடாகலை"ன்னு பெட்ரோலை ஊத்திட்டே இருக்கும். கோவளம், மாமல்லபுரம் பக்கம் உப்புக்காத்துல நிக்கிற வண்டின்னா இதை முதல்லயே பாருங்க.

சோதனை ரெண்டு இடத்துல. இன்ஜினைச் சூடாக்கி நிறுத்துங்க, பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. சென்சார் கனெக்டரைப் பிரிச்சு சென்சார் முள்ளுல நேரா ரெசிஸ்டன்ஸ் பாருங்க. அப்புறம் கனெக்டரை மாட்டிட்டு, ஈசிஎம் முனையில அதே ரெண்டு ஒயருக்கு நடுவுல பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். ஈசிஎம் பக்கம் கூடுதலா இருந்தா குற்றவாளி ஒயரிங், சென்சார் நல்லவன்.

சென்சார், ஒயர் ரெண்டும் சரி, ஆனா இன்ஜினே உண்மையா சூடாகலையா? தெர்மோஸ்டாட் இருக்கான்னு பாருங்க. "நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு?"ன்னு கழட்டிப் போடுற பழக்கம் இங்க ரொம்ப நாளா இருக்கு. காத்து அடிக்கிற ரோட்டுல அப்படிப்பட்ட இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராது. ஈசிஎம் பாவம், உண்மையைத்தான் பேசுது.

அடுத்து மேப் சென்சாரின் ரப்பர் குழாய். வெடிச்சிருந்தா வெளிக்காற்று உள்ளே வந்து அழுத்தம் அதிகமாத் தெரியும்; ஈசிஎம் "வண்டி லோடு இழுக்குது"ன்னு நினைச்சு பெட்ரோலைக் கூட்டும். கீ ஆன்ல, இன்ஜின் ஓடாம காட்டுற வோல்ட்டேஜ், ஐடில்ல நல்லா இறங்கணும். இறங்கலேன்னா குழாயைப் பாருங்க. பிரஷர் ரெகுலேட்டருக்கு வாக்யூம் குழாய் இருந்தா அதையும் உருவிப் பாருங்க. உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தா டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு.

ஆக்சிஜன் சென்சாரைக் கடைசியிலதான் தொடணும். அது பெட்ரோலை அளக்கிறதில்லை, மிச்ச ஆக்சிஜனைத்தான் அளக்குது. ஒரு பிளக் மிஸ் அடிச்சா எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும். சென்சார் "லீன்"னு சொல்லும். ஈசிஎம் இன்னும் ஊத்தும். சென்சாருக்கு முன்னாடி சைலன்சர் பைப்பில் ஓட்டை இருந்தாலும் இதே கதைதான். நல்ல சென்சார் சூடானதும் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல ஆடிட்டே இருக்கும். எப்பவும் 0.9 பக்கமே நின்னா அது உண்மையிலேயே ரிச். 0.1-லேயே நிக்குது, ஆனா புகை கறுப்புன்னா, சென்சார் ஏமாத்தப்படுது, இல்ல செத்துப்போச்சு.

"எல்லாம் இந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோலால"ன்னு ஒரு பேச்சு இருக்கு. கணக்கு தலைகீழ். எத்தனாலுக்கு 9 பங்கு காற்று போதும், கலவைக்கு சுமார் 13.5. அதே அளவு ஊத்தினா அது லீன் பக்கம்தான் போகும். மைலேஜ் கொஞ்சம் குறையலாம், கரும்புகை வராது.

இதைத் தள்ளிப்போட முடியாது. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்ல போய் எரிஞ்சு அதை உருக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆம்னியில சீட்டுக்கு அடியிலதான் இன்ஜின், பின்னால பிள்ளைங்க. மூடின ஷெட்டுல வண்டியை ஓடவிட்டு இந்தச் சோதனை எதையும் செய்யாதீங்க.

வேலை முடிஞ்சதும் கரி பிடிச்ச பிளக்கைச் சுத்தம் பண்ணுங்க, இல்ல மாத்துங்க. பேட்டரியை மாட்டி, இருபது நிமிஷமாவது ரோட்டுல ஓட்டிட்டு பியூசி எடுக்கப் போங்க. பிஎஸ் 2, பிஎஸ் 3 பெட்ரோல் வண்டிக்கு ஐடில்ல கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. குளிர்ந்த இன்ஜினோட போனா நல்ல வண்டியும் ஃபெயில் ஆகும்.